உப்பளத்தில் நான் கண்டுபிடித்த நோய்

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவர்களே, மூன்று கருவிகளின் படங்களை எனக்கு அனுப்பி, கண்ணையும் காதையும் பார்ப்பதற்குக் கையில் எடுத்துச் செல்ல இவற்றுள் எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். விடை ஒரே வரியில் அடங்கிவிடும். ஆனால் அந்த வரியை மட்டும் எழுதி அனுப்பினால் நீங்கள் அதை மதிக்கமாட்டீர்கள். நானும் மதித்திருக்கமாட்டேன். ஆகவே அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்து, அதற்குப் பெயரும் சூட்டி, முக்கால் மணி நேரத்திற்குள் அதை அடக்கமும் செய்த மருத்துவர் உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் வேறு எவரும் இருக்க வாய்ப்பில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மரக்காணம் பகுதியில் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். உப்பளத் தொழிலாளர்களுக்கான முகாம்களுக்கு ஒரு கருவி வாங்க அனுமதி கிடைத்தது. இரண்டு கருவிகள் ஒரு நாள் சோதனைக்காக வந்தன. ஒன்று, நுனியில் நுண்ணிய ஒளிப்படக்கருவியும் தலையில் வண்ணத்திரையும் கொண்டது. செவியின் உட்புறத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். மற்றொன்று, விரல் தடிமனுள்ள கைப்பிடி, அதன்மேல் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய இரண்டு தலைகள், கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. பெட்டிக்கடையில் விற்கும் மின்கலத்தில் எரியும். முன்னதைக் கண்ட கணமே நான் மயங்கினேன். பின்னதைப் பையின் அடியில் போட்டேன். எதை வாங்குவது என்பதை அன்று மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். என் மனத்தில் கடிதம் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

முகாம் உப்பளத்தின் கரையிலேயே நடந்தது. சித்திரை வெயில். தரை முழுவதும் வெண்மை; வானமும் ஏறக்குறைய அதே நிறம். என்னுடன் எங்கள் நிலையத்தின் மூத்த செவிலியர் வந்திருந்தார். கிளியனூர்க்காரர். தம் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று எனக்குக் கட்டளையிட்டிருப்பதால் இங்கும் எழுதவில்லை. என் பணிக்காலத்தில் எனக்குக் கற்பித்தவர்களுள் அவரே முதன்மையானவர் என்பதை மட்டும் அவர் அனுமதியின்றி எழுதிவிடுகிறேன். திரைக்கருவியை விற்கும் நிறுவனத்தின் முகவரும் கழுத்துப்பட்டை அணிந்து, வியர்வையில் நனைந்து, மகிழுந்தில் வந்து சேர்ந்தார்.

முதல் இடர் உடனே வந்தது. அந்த வெளிச்சத்தில் திரையில் எதுவுமே தெரியவில்லை. தொழிலாளர்களின் கண்மணிகளோ குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. இருட்டு தேவைப்பட்டது. உப்பளத்தில் பகலில் இருட்டுக்கு எங்கே போவது? மேஸ்திரி கன்னியப்பன் தீர்வு கண்டார். உப்புக் குவியலை மழையிலிருந்து காக்கும் நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்து வந்து, நான்கு கழிகளை நட்டு, மேலே போர்த்திவிட்டார். நானும் நோயாளியும் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். வரிசையில் நின்ற பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"அஞ்சல உள்ள போறாடியோய்! டாக்டரோட தார்ப்பாய்க்குள்ள போறாடியோய்!"

"இந்த வயசுல அவளுக்கு வந்த வாழ்வப் பாரு!"

அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. நாணத்தால் அன்று, அவர் செவியில் அது விழவே இல்லை. அதுதான் அன்றைய சிக்கல்.

அஞ்சலைக்கு ஐம்பதைக் கடந்த வயது. பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்றும் வேலையை முப்பது ஆண்டுகளாகச் செய்து வந்தார். மூன்று நாள்களுக்கு முன், உப்பு ஏற்ற வந்த லாரி பின்னோக்கி நகர்ந்தபோது, கரையில் நின்றவர்கள் அனைவரும் கத்தியும் அவர் விலகவில்லை. கன்னியப்பன் ஓடிப்போய்க் கொண்டையைப் பற்றி இழுத்ததால் உயிர் பிழைத்தார். அளத்தின் குத்தகைதாரர் அஞ்சிவிட்டார். காது தேறும் என்று மருத்துவர் எழுதித் தந்தால் நாளை முதல் வரலாம், தேறாது என்றால் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அஞ்சலையின் வீட்டில் அடுப்பெரிவது இந்தக் கூலியால்தான்.

காது கேளாதவர்களுக்கே உரிய பெருங்குரலில் அஞ்சலை என்னிடம் சொன்னார்: "கேக்காதுன்னு மட்டும் எழுதிடாதீங்க சாரு! எனக்கு இந்த வேலைய வுட்டா வேற ஒண்ணும் தெரியாது!"

அவர் சொன்னது கரைக்கு அப்பால் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தார்ப்பாய்க்குள் அடுப்பருகே இருப்பது போன்ற புழுக்கம். கருவியின் நுனியில் ஆவி படிந்தது. துடைக்கத் துணி கேட்டேன். கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். "காலைல தொவைச்சது சார். சுத்தமா இருக்குது." துடைத்தேன். செவியில் வைத்தேன். திரை ஒளிர்ந்தது.

அங்கே ஒரு வெண்பிறை!

செவிப்பறையின் மீது, ஓரத்தில் தடித்து, உட்புறம் மெலிந்து, பளபளவென்று ஒரு பிறை. மற்றப் பகுதியெல்லாம் மங்கல். மறு செவியிலும் அதே பிறை. செவிப்பறையில் இவ்வளவு பெரிய தழும்பு என்றால் கேட்கும் திறன் மீளாது. இரு செவிகளிலும் ஒன்றுபோல் இருப்பது நோயின் முதிர்ச்சியைக் காட்டுகிறது என்று எண்ணிக்கொண்டேன். படம் அவ்வளவு அழகாக இருந்தது. அழகாக இருந்ததை ஐயுறத் தோன்றவில்லை. "இரு செவிகளிலும் செவிப்பறைத் தழும்பு. கேட்புக்குறை நிலையானது" என்று சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். வெளியே காத்திருந்த கன்னியப்பன் அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தம் மொபெட்டில் ஏறி, கூனிமேட்டுச் சாலையோரம் எடைமேடையில் அமர்ந்திருக்கும் குத்தகைதாரரிடம் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்.

அஞ்சலையிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது என்று எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன். அவர் ஓர் ஓரமாக அமர்ந்து, எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த பெண்ணின் செவியில் பிறை. அதற்கடுத்த ஆடவரின் செவியிலும் பிறை. நான்காமவர், ஐந்தாமவர், ஆறாமவர் எல்லாருக்கும் பிறை!

இளையோரே, அந்த நிமிடங்களில் எனக்கு ஏற்பட்ட களிப்பை எப்படி எழுதுவேன்? முப்பது ஆண்டுகள் சளிக்கும் சிரங்குக்கும் மருந்து எழுதிய கை அது. உப்புக்காற்று செவிப்பறையில் ஏற்படுத்தும் புதிய மாற்றம், எந்த நூலிலும் இடம்பெறாதது, இதோ நீலத் தார்ப்பாய்க்குள் எனக்காகக் காத்திருந்திருக்கிறது! "உப்பளச் செவிப்பிறை நோய்" என்று அங்கேயே பெயரிட்டேன். பெயரின் ஓசை எனக்கே பிடித்துவிட்டதால் இருமுறை உரக்கச் சொன்னேன். ஒரு கருத்தரங்க மேடை கண்ணில் தெரிந்தது. தோளில் பொன்னாடையின் கனத்தையும் உணர்ந்தேன். அது தார்ப்பாயின் மடிப்பு என்பது பிறகே தெரிந்தது.

முகவரோ என்னைவிட உயரத்தில் மிதந்தார். "சார், எங்க மெஷின் புது வியாதியே கண்டுபிடிச்சிருக்குதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க சார், போதும்!"

ஏழாவதாக வந்தவர் கூனிமேட்டு உப்பு வணிகர் ஜபருல்லா. சுமை ஏற்ற வந்த இடத்தில், கூட்டத்தைப் பார்த்துத் தாமும் வரிசையில் நின்றுவிட்டவர். அவர் செவியிலும் பிறையைக் கண்டு நான் உரக்கக் கூவினேன். அவர் தலையை வெளியே நீட்டி, "பிறை தெரிஞ்சிடுச்சா டாக்டர்? அப்ப நாளைக்குப் பெருநாள்னு வீட்ல சொல்லிடவா?" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. செவிலியர் மட்டும் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடி வைத்தார்.

"சார், ஒரு தபா என் காதையும் பாத்துடுங்களேன்."

"உங்கள் செவியில் என்ன குறை?"

"ஒரு கொறையும் இல்ல சார். அதனாலதான் பாக்கச் சொல்றேன்."

பார்த்தேன். பிறை!

அவர் உப்பளத்தில் கால் வைத்ததே அன்று காலையில்தான். இப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். மாறாக, அரை நிமிடத்தில் என் நோயைத் தொற்றுநோயாக உயர்த்தினேன். காற்றின் வழியே இவ்வளவு விரைவாகப் பரவுகிறதோ! செவிலியர் கருவியை என் கையிலிருந்து வாங்கி, நுனியை எரிசாராயப் பஞ்சால் ஒற்றிவிட்டு, என் காதிலேயே வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். என் வாழ்நாளில் என் செவியை அவ்வளவு அழகாக நான் கண்டதில்லை. அதுவும் பிறை சூடிக்கொண்டிருந்தது.

என் முகம் போன போக்கு அஞ்சலையை எழுப்பிவிட்டது போலும். யாரும் அழைக்காமலே குனிந்து உள்ளே வந்து, மூக்கு திரையில் இடிக்குமளவுக்கு நெருங்கிப் பார்த்தார். பிறகு தம் பெருங்குரலில் கேட்டார்.

"இது இன்னா சாரு, மிசினுல உப்பு பூத்திருக்குது?"

"பாத்தில தண்ணி வத்துனா உப்பு இப்பிடித்தான் ஓரத்துலேர்ந்து பூக்கும். நடுவுல பூக்காது. முப்பது வருசமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

கன்னியப்பனின் துண்டு! காலையில் துவைத்ததுதான், உப்பளக் கால்வாயில் துவைத்தது. அதிலிருந்து ஒரு துளி உவர்நீர் கண்ணாடியில் தங்கி, கருவியின் சூட்டில் நொடியில் காய்ந்து, விளிம்பில் பிறையாகப் படிந்திருக்கிறது. நான் பார்த்தது செவிகளை அன்று. எட்டுப் பேரின் காதுகளிலும் என் சொந்தக் காதிலும் அதே ஒரு துளி உப்பை. எரிசாராயத்தில் உப்பு எளிதில் கரையாது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அன்று நினைவுக்கு வரவில்லை.

முதலில் சிரித்தவர் செவிலியர். அடுத்து ஜபருல்லா, "அப்ப பெருநாள் கேன்சலா டாக்டர்?" என்றார். அதன்பின் யாராலும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. எட்டுப் பேருள் ஒருவருக்கு மட்டும் நான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அது மொபெட்டில் போய்க்கொண்டிருந்தது.

கன்னியப்பனைக் கைப்பேசியில் அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். மீண்டும் எடுக்கவில்லை.

"சார், முதல்ல இந்தம்மா காதுல நெஜமாவே என்ன இருக்குதுன்னு பாருங்க" என்றார் செவிலியர். "அது தெரியாம அங்க போயி இன்னா சொல்லுவீங்க?"

குடிநீரில் நனைத்த பஞ்சால் அவர் திரைக்கருவியைத் துடைத்துக் கொடுத்தார். அது வெப்பம் மிகுந்துவிட்டதாக அறிவித்து அணைந்துகொண்டது. முகவர் அதைத் தம் கழுத்துப்பட்டையால் விசிறினார். நான் பையின் அடியில் கைவிட்டு, நான் இகழ்ந்து ஒதுக்கிய மற்றதை எடுத்தேன். அதன் வில்லையில் தூசி இருந்தது. இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. துடைத்தேன். பார்த்தேன். சிறிய படம், மஞ்சள் ஒளி, ஆனால் ஐயத்திற்கு இடமில்லை. செவிப்பறையே தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு பஞ்சு!

காற்று அடிக்கும் பருவத்தில் உப்பளத்துக்காரர்கள் எண்ணெய் தோய்த்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார்கள். மாலையில் எடுத்துவிடுவார்கள். எடுக்க வராதது உள்ளே தங்கிவிட, அடுத்த பருவத்தில் அதன்மேல் புதியது. அஞ்சலையின் இடச்செவியிலிருந்து இரண்டும் வலச்செவியிலிருந்து மூன்றும் வந்தன. எடுத்த முறையை நீங்கள் நூல்களில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல விரும்புவது, ஐந்தாவது பஞ்சு வெளியே வந்தபின் அதே எளிய கருவியால் மறுபடியும் உள்ளே பார்த்தபோது தெரிந்த செவிப்பறைகளைப் பற்றி. இரண்டும் முழுமையாக, முத்துச் சிப்பியின் உட்புறம் போல் மின்னின. எந்தத் தழும்பும் இல்லை.

"இப்போது கேட்கிறதா அம்மா?" என்று, பழகிய பழக்கத்தில், தொண்டை கிழியக் கேட்டேன். வெளியே நின்ற பெண்களும் அதையே கத்தினார்கள்.

அஞ்சலை இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். "ஏன் எல்லாரும் இப்பிடிக் கத்துறீங்க? நான் இன்னா செவுடா?"

அதற்குமேல் அங்கே நிற்க நேரமில்லை. வரிசையைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு, எளிய கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முகவரின் மகிழுந்தில் ஏறினேன். அஞ்சலை முன்னிருக்கையில். கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டியதும் தொலைவில் கன்னியப்பனின் முதுகு தெரிந்தது. வழியில் எங்கோ தேநீர் குடித்திருக்கிறார், நல்ல காலம். முகவர் ஒலிப்பானை அழுத்தினார். கன்னியப்பன் திரும்பவில்லை. இடைவிடாமல் அழுத்தினார். சாலையோரத்து ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன, அவர் பார்க்கவில்லை. அஞ்சலை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் மேஸ்திரி! ஆரன் அடிக்கிறது காதுல உழுவல? வண்டிய நிறுத்துய்யா!"

எதிரே பேருந்து வந்தது. எங்களால் முந்த முடியவில்லை. அவருக்குப் பின்னாலேயே, ஊர்வலம் போல, ஒலித்துக்கொண்டே எடைமேடைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் சீட்டு குத்தகைதாரரின் கைக்குப் போய்விட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நல்ல மனிதர், முகம் வாடிவிட்டது.

"பாவம் அஞ்சல. நிரந்தரமாவே போயிடுச்சாம்" என்று தமக்குத் தாமே முணுமுணுத்தார்.

"எங்க போயிடுச்சு? இதோ நிக்கிறேன் பாருங்க" என்றார் அவருக்குப் பின்னால் வந்து நின்ற அஞ்சலை.

குத்தகைதாரர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் மூச்சிரைக்க, தவறு என்னுடையது, அந்தச் சீட்டு செல்லாது, அடைப்பு நீங்கிவிட்டது என்று விளக்கினேன். கையொப்பமிட்டவனே வந்து இல்லை என்கிறான். அவர் யாரைத்தான் நம்புவார்? சிறிது எண்ணினார். பிறகு என் சீட்டாலேயே தம் வாயை மறைத்துக்கொண்டு, உதட்டசைவு தெரியாதபடி, மெல்லக் கேட்டார்.

"காலைல எத்தினி மணிக்கு வருவ?"

"விடியறதுக்கு முன்னாலயே வந்துடுவேன். நீங்க டீ மட்டும் சொல்லிடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. அதே குரலில், அதே மறைப்போடு, பக்கத்தில் நின்ற கன்னியப்பனைக் கேட்டார். "நீ எத்தினி மணிக்கு மேஸ்திரி?"

"ஆங்?" என்றார் கன்னியப்பன்.

"எத்தினி மணிக்குன்னேன்."

"சீட்டா? அதான் குடுத்துட்டேனே மொதலாளி!"

எடைமேடையில் இருந்த சுமைதூக்குபவர்கள் மூட்டைகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அப்ப ரெண்டு பேருல யாருக்குங்க டாக்டரே காது கேக்காது?" என்றார் குத்தகைதாரர். நான் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்தேன். கன்னியப்பனை எடைமேடையிலேயே உட்கார வைத்து, அஞ்சலை முந்தானையால் வெயிலை மறைக்க, உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு காதிலும் இரண்டிரண்டு பஞ்சு.

எந்தக் கருவியை வாங்குவது என்ற முடிவு அப்போது ஏற்பட்டது. முகவரிடமும் நேரில் சொன்னேன். அவர் வருந்தவில்லை, தம் காதையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். அவர் கருவியை நான் பழிக்கவும் இல்லை. நிழலும் குளிர்ச்சியும் உள்ள அறையில், படத்தை நெடுந்தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்ப வேண்டிய நிலையில், அதற்கு ஈடில்லை. உங்களுக்கு அத்தகைய அறை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வெட்டவெளிக்குப் போவதாயின், உங்கள் கேள்விக்குரிய ஒரு வரி இதுவே: தன்மீது படிந்த அழுக்கை உங்கள் கண்ணுக்கே காட்டிவிடும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் பிழை கருவியினது அன்று. துண்டை வாங்கித் துடைத்தவன் நான். முதல் செவியிலேயே "நிலையானது" என்று எழுதியவன் நான். ஏழு பேர் ஒரே நோயோடு வந்தபோது ஐயுறாமல் மகிழ்ந்தவனும் நானே. குறையற்ற ஒரு செவியை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; செவிலியருக்குத் தோன்றியது. அந்தச் சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. குத்தகைதாரர் திருப்பிக் கொடுத்தார். "நிலையானது" என்ற சொல்லை எழுதப் போகும்போதெல்லாம் அதை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

அதன்பின் நான் அங்கே நடத்திய ஒவ்வொரு முகாமிலும் முதல் செவி அஞ்சலையுடையது. எவரும் அவரை அழைப்பதில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு வந்து, முக்காலியில் அமர்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி முகாமிலும் அப்படியே வந்தமர்ந்தார். நான் கருவியை வைத்துக் குனிந்தேன்.

"பிறை கிறை ஏதாவது தெரியுதா சாரு?"

"இல்லை அம்மா. தெளிவாக இருக்கிறது."

"அப்ப மிசினு நல்லாத்தான் இருக்குது" என்று எழுந்து, வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடுத்த ஆளு வாங்க!"